ஒரு நாளைக்கு ஒரு குழி

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் கிளம்பியது. சில நாளிலேயே நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அதன்பிறகு எங்கள் பக்கத்துக் கடைத்தெருக்களில் யாழ்ப்பாணம் போய்வந்தவர்களின் பேச்சு கூடிவிட்டது. நல்லூர்க் கோயில், ஒடியல் கூழ், பனங்கட்டி என்று ஆரம்பிக்கும். ஆனையிறவுப் பக்கம் பஸ்ஸில் போனவர் ஒருவர் அங்கே இருந்தால் பேச்சு ஓரிடத்தில் தட்டி நிற்கும். சாலையோரம் சிவப்பு நுனிக் குச்சிகள், மண்டையோட்டுப் படம் போட்ட பலகை, உள்ளே வெயிலில் கவசம் மாட்டிக்கொண்டு குந்தியிருக்கும் பெண்கள். "சண்டை முடிஞ்சு பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னுமா எடுக்குறாங்க?"

இந்த 'இன்னுமா'வைச் சிலர் பரிதாபத்தில் சொல்கிறார்கள். சிலர் வேறு மாதிரி சொல்கிறார்கள்: வெளிநாட்டுக் காசு வருகிற வரைக்கும் இழுத்துக்கொண்டே போவார்கள், வேலையை முடித்துவிட்டால் பிழைப்பு போய்விடுமே என்று. இரண்டு பேருக்கும் பதில் சொல்லலாம். ஆனால் கிலோமீட்டரிலும் ஹெக்டேரிலும் சொன்னால் விளங்காது. அறிக்கைகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. படித்துவிட்டுக் கேள்வி அப்படியே நிற்கிறது. டெல்டாக்காரனுக்குப் புரிகிற அளவு வேறு ஒன்று உண்டு. அதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம்.

நாம் கண்ணிவெடி என்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் மிதிவெடி என்பார்கள். கண்ணி என்றால் வேடன் வைப்பது. கொக்குக்கும் காடைக்கும் வைப்பார்கள். வைத்தவனுக்கு வைத்த இடம் தெரியும், மாலையில் வந்து எடுத்துப்போவான். மிதிவெடி என்ற சொல்லில் வைத்தவனே இல்லை. மிதிக்கிறவரின் கால் மட்டும்தான் இருக்கிறது. அங்குள்ள மக்கள் அதைத் தங்கள் பக்கத்திலிருந்து பெயரிட்டிருக்கிறார்கள். நடமாட்டம் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்தான் சரி.

குழிக் கணக்கு

பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி. 144 சதுர அடி, மீட்டரில் சொன்னால் 13.4 சதுர மீட்டர். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி, அதாவது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். ஒரு மிதிவெடிப் பணியாளர் கையால் வேலை செய்து ஒரு நாளில் சுத்தம் செய்யும் நிலம், மண்ணையும் புதரையும் பொறுத்து மிகவும் மாறும். உலோகம் இருந்தால் சத்தம் கொடுக்கும் கருவி மட்டும் போதுமான, இரும்புத்துண்டு குறைவான இடத்தில் நாற்பது ஐம்பது சதுர மீட்டர்கூடப் போகலாம். போர்முனையாக இருந்த இடத்தில் மூன்று நான்கு சதுர மீட்டரோடு நாள் முடிந்துவிடும். நடுவில் வைத்துச் சொன்னால் பத்து, பதினைந்து சதுர மீட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு குழி.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு வேலி நிலத்துக்கு ஓர் ஆள் இரண்டாயிரம் நாள். பத்துப் பேர் இறங்கினால் இருநூறு நாள். ஞாயிறும் மழையும் கழித்தால் வருடம் ஓடிவிடும். ஒரு வேலி நடவுக்கு நம்மூரில் எத்தனை ஆள், எத்தனை நாள் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது முப்பத்தேழு வேலிக்குச் சற்று மேல், அதாவது எழுபத்தைந்தாயிரம் குழி. ஐந்நூறு பேர் ஒரே சமயத்தில் இறங்கினாலும் நூற்றைம்பது வேலைநாள். அறிக்கையில் 'மீதம் இத்தனை சதுர கிலோமீட்டர்' என்று ஓர் ஒற்றை எண் வரும்போது அது கையளவாகத் தெரிகிறது. அதற்குள் இருக்கிற குழிகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஏன் ஒரு குழி மட்டும்? வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் தெரியும். பாதுகாப்பான பக்கத்திலிருந்து ஒரு மீட்டர் அகலத்துக்குத் தடம் பிரிப்பார்கள். முன்னால் ஒரு குறுக்குக் குச்சி கிடக்கும். அதற்கு இந்தப் பக்கம் சுத்தமானது, அந்தப் பக்கம் ஆகாதது. முதலில் கண்ணால் பார்ப்பது. பிறகு காலில் தட்டினால் வெடிக்க வைக்கும் இழுகம்பி இருக்கிறதா என்று மெல்லிய கம்பியை நீட்டித் தொட்டுப் பார்ப்பது. பிறகு புல்லையும் செடியையும் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக வெட்டி, வெட்டியதைப் பின்னால் எடுத்துப் போடுவது. வேரோடு பிடுங்கக் கூடாது. அதன் பிறகுதான் கருவி. காலையில் வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கருவியையும், அந்த இடத்தில் எதிர்பார்க்கும் வெடிக்குச் சமமான சோதனைத் துண்டைக் குறித்த ஆழத்தில் வைத்து, சத்தம் கொடுக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சத்தம் வந்த இடத்தை நேராக மேலிருந்து தோண்டக் கூடாது. சற்றுத் தள்ளிச் சிறு பள்ளம் எடுத்து, பக்கவாட்டில் சுரண்டிக்கொண்டு போய் அதன் விலாவைத் தொட வேண்டும். அழுத்தத்தில் வெடிப்பது மேற்பகுதி. விலாவில் தொட்டால் பெரும்பாலும் பேசாமல் இருக்கும்.

பெரும்பாலும் கிடைப்பது ஆணி, தகரம், ஷெல் சிதறல், தோட்டாக் கூடு. ஆனால் ஒவ்வொன்றையும் வெடி என்றே வைத்துத்தான் தோண்ட வேண்டும். நூறாவது ஆணியிலும் முதல் ஆணியின் நிதானம் வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் கற்றுக்கொடுக்க முடியாத பகுதி. அதனால்தான் கட்டாய ஓய்வு வைத்திருக்கிறார்கள். கவசத்துக்கும் அளவு உண்டு: அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் 240 கிராம் டிஎன்டி வெடிமருந்து வெடித்தால் மார்பையும் வயிற்றையும் காக்க வேண்டும், முகத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் பாலிகார்பனேட் கண்ணாடி. கண்ணாடிக்குள் வேர்வை ஆவியாகப் படியும். பார்வை மங்கும். அரை நிமிடம் தூக்கிவிட்டுத் துடைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கண் போன விபத்துகளின் விசாரணையில் திரும்பத் திரும்ப வருவது இந்த அரை நிமிடம். மேற்பார்வையாளரின் முக்கியமான வேலையே கண்ணாடி இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என்றால் மிகையில்லை.

வாரியும் மண்ணும்

இலங்கையில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் பிளாஸ்டிக் உடல் கொண்டவை. இராணுவம் வைத்தவற்றில் பாகிஸ்தானின் பி-4, சீனாவின் டைப்-72 போன்றவை. புலிகள் தாங்களே செய்த மரப்பெட்டி ஜொனி, பிறகு வந்த ரங்கன்-99. பி-4க்குள் இருப்பது முப்பது கிராம் வெடிமருந்து, டைப்-72க்குள் ஐம்பது கிராம் அளவு. ஆளைக் கொல்ல இது பெரும்பாலும் போதாது, பாதத்தை எடுக்க இது போதும். டைப்-72 போன்றவற்றில் உலோகம் கொஞ்சூண்டுதான். நல்ல கருவிகூட அதற்கு முனகத்தான் செய்யும். ஷெல் சிதறல் கொட்டிக் கிடக்கும் நிலத்தில் அந்த முனகலைப் பிரித்து அறிய முடியாது.

இதற்கு அங்கே கண்ட வழி ரொம்ப எளிமையானது: வாரி. கருவியை ஓரமாக வைத்துவிட்டு, நீண்ட கைப்பிடி போட்ட இரண்டு பல்வாரிகளால் மண் முழுவதையும் புரட்டிப் பார்ப்பது. லேசான வாரி சருகையும் மேல்மண்ணையும் ஒதுக்க. கனமான வாரி மண்ணைத் தளர்த்த. முதலில் ஒரு தொடக்கப் பள்ளம் எடுத்துக்கொண்டு, அதன் முன்சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துச் சரிப்பார்கள். வெடி இருந்தால் அதன் விலா முதலில் தெரியும். இதில் உலோகம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது; மண்ணில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். சில சமயம் வாரிப்பல் பட்டு வெடிக்கவும் செய்யும். கைப்பிடியின் நீளமும் கவசமும் அப்போது உயிரைக் காக்கும், வாரி போய்விடும். வேகமாக இழுத்தாலோ, பல்லை மேலிருந்து கீழே குத்தினாலோ இந்த முறையின் பாதுகாப்பு முழுக்கப் போய்விடும்.

இது மணலுக்கு ஏற்ற வழி. வேதாரண்யம் பக்கம் கடலை பிடுங்கிய மணல்மேட்டைப் பார்த்தவர்களுக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலில் இருக்கும் முகமாலையின் மண் எப்படி என்று சொல்ல வேண்டாம், பனைகூட அதே பனைதான். ஆனால் அதே வாரியைத் திருத்துறைப்பூண்டிக் களியில் வைத்துப் பாருங்கள். மழையில் பல்லோடு ஒட்டிக்கொள்ளும்; சித்திரையில் பாளம் பாளமாக வெடித்து, தட்டினால் கட்டியாகப் பெயரும். கட்டியோடு வெடி புரண்டால் மேற்பாகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட மண்ணில் முந்தின நாளே தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் தொடுவார்கள். குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியிலும் குளத்துக்குக் கீழே உள்ள வயல்களில் இந்தப் பிரச்சினை உண்டு. ஆளுக்கு ஒரு குழி என்ற கணக்கு அங்கே அரைக் குழியாகச் சுருங்கும்.

முகமாலை ஏன் இவ்வளவு நாள் இழுத்தது என்பதற்கு அந்த நிலத்தின் கதையே காரணம். 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகள் கைக்குப் போனபின், கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குடாநாட்டின் கழுத்துக்குக் குறுக்கே போர்முனை நின்றுவிட்டது. (இந்த நாகர்கோவில் குமரி மாவட்டத்து நாகர்கோவில் அல்ல, வடமராட்சி கிழக்குக் கடற்கரையில் இருப்பது.) 2008 கடைசி வரை அந்தக் கோடு பெரிதாக நகரவில்லை. எட்டு வருடம் ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் மண் அணை போட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? அணைக்கு முன்னால் வெடி புதைப்பார்கள். அணை சரியும், புல்டோசர் வைத்து மறுபடி தள்ளுவார்கள், பழைய வெடி அணைக்குள் போய்விடும். முன்னால் மறுபடி ஒரு வரிசை. அணை சில நூறு மீட்டர் நகர்ந்தால் அங்கே புதிதாக ஒன்று. ஆக, முழங்கால் ஆழத்திலும் வெடி, தலை உயரத்து மேட்டுக்குள்ளும் வெடி. இப்படிப்பட்ட இடத்தில் வாரி எடுபடாது. கவசம் போட்ட எந்திரத்தால் மேட்டை அள்ளி, கெட்டியான தளத்தில் பரப்பி, அதன்பிறகு ஆட்கள் வாரிப் பார்க்க வேண்டும். எந்திரம் வந்தால் வேகம் வரும் என்பது பாதிதான் உண்மை. கடைசியில் யாரோ ஒருவர் ஒவ்வொரு கைப்பிடி மண்ணையும் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு தொல்லை, காணாமல் போன வெடி. இராணுவம் வரிசையாக, சம இடைவெளியில் வைத்த இடங்களில் மாதிரி பிடிபட்டுவிடும். நான்கு கிடைத்து, ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்றால், அப்பாடா என்று நகர முடியாது. மாடு மிதித்து வெடித்திருக்கலாம்; அப்படியானால் பள்ளமும் பிளாஸ்டிக் துணுக்கும் இருக்க வேண்டும். மழைவெள்ளம் நகர்த்தியிருக்கலாம், அப்படியானால் சரிவின் கீழே தேட வேண்டும். எதிர்த்தரப்பு தோண்டி எடுத்து வேறிடத்தில் வைத்திருக்கலாம். அந்த ஒன்றுக்காகச் சுற்றிலும் தடத்தை அகலப்படுத்தி, ஆழத்தைக் கூட்டி, பல நாள் போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆள்கள் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிற நாட்கள் இவைதான்.

யாரைக் கேட்டுக் கோடு போட்டார்கள்

வாரிக்கும் கருவிக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, படத்தில் விழாத வேலை. எந்த நிலத்தைச் சந்தேகப்படுவது, எதை விடுவது என்று முடிவு செய்வது. ஊரில் போய்க் கேட்பார்கள். விபத்து எங்கே நடந்தது, எந்தப் பக்கம் யார் முகாம் போட்டிருந்தார்கள், மாடு எங்கே செத்தது. அதை வைத்து வரைபடத்தில் கோடு போடுவார்கள். கோட்டுக்குள் வருவது நூறு வேலியா இருபது வேலியா என்பது இங்கேயே தீர்மானமாகிவிடும். பயத்தில் பெரிதாகப் போட்டால் நல்ல நிலம் பத்து வருடம் பூட்டிக் கிடக்கும். அவசரத்தில் சிறிதாகப் போட்டால் யாரோ ஒருவர் காலைக் கொடுப்பார்.

ஆண்களை மட்டும் கேட்டால் வயலும் சாலையும் வரைபடத்தில் வரும். விறகுக்குப் போகும் பாதை பெண்களுக்குத்தான் தெரியும். பனங்கூடலுக்குள், அதாவது பனந்தோப்புக்குள், எந்தப் பக்கம் நுழைவது என்பது கள் இறக்கும் சீவல் தொழிலாளிக்கு. மாடு காணாமல் போனால் எங்கே தேடுவது என்பது மேய்க்கிற பையனுக்கு. பழைய இரும்பு பொறுக்கி விற்றவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும், ஆனால் அவர் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் பிழைப்பு போகும். மீள்குடியேறியவர்களில் அடிபட்டவர்கள் வழிதெரியாத வெளியூர்க்காரர்கள் அல்ல. தெரிந்தே போனவர்கள்தான் அதிகம். உள்ளே வெடி இருக்கிறது என்று தெரியும், உலை வைக்க விறகு வேண்டும் என்பதும் தெரியும். எச்சரிக்கைப் பலகை வைத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. பலகையின் சட்டமே நல்ல விறகு; குறியீட்டுக் கயிறு ஆடு கட்ட ஆகும். அவையும் போய்விடும்.

அங்கே சுத்தம் செய்த வரிசையையும் பாருங்கள். முதலில் நெடுஞ்சாலை, பிறகு பள்ளிக்கூடம், மருத்துவமனை, வீட்டு வளவு, கிணறு, பிறகு வயல், கடைசியில் காடும் பனங்கூடலும். அறிவுள்ள வரிசைதான், வேறு எப்படிச் செய்ய முடியும்? ஆனால் கூலியாளின் சாப்பாடு கடைசியில் வருகிறது. வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே இருநூறு மீட்டர் என்றால், இரண்டு மீட்டர் அகலத்தில் பாதை எடுக்க முப்பது குழி. மூன்று பேருக்குப் பத்து நாள் வேலை. அந்தப் பத்து நாள் எப்போது வரும் என்பதற்காகக் குடும்பங்கள் வருடக் கணக்கில் காத்திருந்தன.

நம் வயல்வெளியில் வரப்பில் நடக்க யாரும் யாரையும் கேட்பதில்லை. அடுத்தவன் வரப்பில் நடந்துதான் நம் வயலுக்குப் போகிறோம், வாய்க்கால் கரையில் நடந்துதான் சுடுகாட்டுக்குப் போகிறோம். பட்டா யார் பேரில் இருந்தாலும் காலுக்கு வழி உண்டு. நடமாடும் சுதந்திரம் என்ற பெரிய சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியவில்லை. நெடுஞ்சாலை திறப்பது வேறு, வரப்பு திறப்பது வேறு.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலையே இதற்குச் சாட்சி. 2002 போர் நிறுத்தத்தில் அது திறந்தபோது முகமாலைதான் வாசல். ஒரு பக்கச் சோதனைச்சாவடி முடிந்து, நடுவே யாருக்கும் சொந்தமில்லாத துண்டைக் கடந்து, மறுபக்கச் சாவடி. சாலை திறந்திருந்தது; சாலைக்கு இருபுறமும் இறங்க முடியாது. ஒதுங்கக்கூட இறங்க முடியாது. 2006 ஆகஸ்டில் அதுவும் மூடியது. போர் முடிந்தபின் 2014 அக்டோபர் 13 அன்று யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. இந்திய நிறுவனமான இர்கான் போட்ட தண்டவாளம் அது. பழைய தண்டவாளத்தையும் கட்டைகளையும் பதுங்குகுழி கட்ட எடுத்துப்போயிருந்தார்கள். அந்த ரயில் பாதையின் இருபுறமும் வெடி எடுத்துத்தான் போட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்கள் பார்த்தது தலையிழந்த பனைகளையும் சிவப்புக் குச்சிகளையும்.

உண்மையான காரணம், வசதியான காரணம்

என்னை விடாமல் அரிப்பது 2009 இரண்டாம் பாதி. மே மாதம் போர் முடிந்தது. வன்னியிலிருந்து வெளிவந்த ஏறத்தாழ மூன்று லட்சம் பேரை முள்வேலிக்குள் வைத்தார்கள். பெரும்பாலோர் வவுனியா மாவட்டம் செட்டிக்குளத்தின் மெனிக் பாம் முகாமில். வெளியே போக முடியாது. பக்கத்து முகாம் பிரிவில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கக்கூட முடியாது. ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று உலகம் கேட்டபோது சொன்ன காரணங்களில் முக்கியமானது மிதிவெடி. ஊரெல்லாம் வெடி, எடுத்துவிட்டு அனுப்புகிறோம்.

இதில் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். ஊரெல்லாம் வெடி இருந்தது உண்மை. எடுக்காமல் அனுப்பியிருந்தால் எத்தனை கால் போயிருக்கும் என்பதும் உண்மை. வெடி எடுக்கிறவர்கள், அதில் இந்தியாவிலிருந்து போன முன்னாள் இராணுவத்தினரின் ஹொரைசன், சர்வத்ரா அமைப்புகளும் உண்டு, இரவு பகலாக வேலை செய்ததும் உண்மை. ஆனால் கிளிநொச்சியில் வெடி இருந்தால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக ஏன் முடியாது? வவுனியா நகரக் கடைக்குப் போக ஏன் முடியாது? மிதிவெடி ஒரு குறிப்பிட்ட நிலத்தில் இருக்கிறது. அந்த நிலத்தைச் சுற்றிக் கயிறு கட்டினால் சரி. அங்கே கயிற்றை மனிதர்களைச் சுற்றிக் கட்டினார்கள். அந்த வருடம் டிசம்பர் 1 முதல் பாஸ் வாங்கிக்கொண்டு வெளியே போய்வரலாம் என்றார்கள். அன்று ஊர்களில் வெடி தீர்ந்துவிடவில்லை. நவம்பர் 30 அன்று இருந்த அதே வெடி டிசம்பர் 1 அன்றும் மண்ணில் இருந்தது. மாறியது மண்ணல்ல.

கயிற்றை எங்கே கட்டினார்கள் என்று பார்க்கப் பழகியபின் பல இடங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன. மெனிக் பாமை 2012 செப்டம்பரில் மூடினார்கள். கடைசியாகக் கிளம்பியவர்களில் முல்லைத்தீவு கேப்பாப்புலவு மக்கள் இருந்தார்கள். அவர்களைச் சொந்த ஊருக்கு விடவில்லை. சீனியாமோட்டைக் காட்டுப் பக்கம் இறக்கிவிட்டார்கள். சொந்த ஊரில் படைமுகாம். அதே கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி கடைசியில் விமானப்படை முகாம் வாசலில் உட்கார்ந்து, ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் இருந்து, மார்ச் 1 அன்று தங்கள் காணிக்குள் நடந்து போனார்கள். கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் கடற்படைக்குச் சொல்லிக்கொள்ளாமல் படகுகளில் போய்த் தங்கள் தீவில் இறங்கினார்கள். கப்பல் போய் அடைகிற காங்கேசன்துறை இருக்கும் வலிகாமம் வடக்கு, 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயம் என்று படையினர் கைக்குப் போனது. துண்டு துண்டாகத்தான் திரும்பி வருகிறது. இந்த நிலங்களைப் பூட்டி வைத்திருந்தது மிதிவெடி அல்ல. குழிக் கணக்கில் சொன்னால், இங்கே பூட்டைத் திறக்கத் தேவைப்பட்ட ஆள்நாள் பூஜ்யம். ஒரு கையெழுத்து போதும்.

'இன்னுமா' என்று கேட்கிறவர்கள் வாரியோடு குந்தியிருக்கும் பெண்ணைப் பார்த்துக் கேட்கிறார்கள். அந்தப் பெண்களில் பலர் கணவனை இழந்தவர்கள், குடும்பத்துக்கு அவர்கள் சம்பளம்தான் அடுப்பு. அந்தப் பெண் தன் ஒரு நாள் கணக்கை மண்ணில் காட்டிவிட்டார். கேள்வி அவருக்கானது அல்ல.

முடிந்தது என்றால்

இலங்கை 2020க்குள் முடித்துவிடுவோம் என்று திட்டம் போட்டது, நடக்கவில்லை. 2017 டிசம்பரில், மிதிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியா இன்றுவரை சேரவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், அடுத்த வீட்டைப் பற்றி மட்டும் பேசுவது சரியில்லை. அந்த உடன்படிக்கை 2018 ஜூன் 1 முதல் இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது. வெடி எடுத்து முடிக்கப் பத்து வருடக் கெடு, அதாவது 2028 ஜூன் 1. மேட்டூர் திறப்பு நாளுக்குப் பதினொரு நாள் முன்னால். ஜூன் 12 என்றால் ஜூன் 12தானா என்று நமக்குத் தெரியும். அங்கேயும் தண்ணீர் போலக் காசு வர வேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது பல நாடுகளில் வெடி எடுக்கும் குழுக்கள் வாரியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. வேலை நின்ற இடத்தில் மழை பெய்தால் புல் முளைக்கும். வெட்டிய புதரை மறுபடி முதலிலிருந்து வெட்ட வேண்டும்.

ஒரு நிலத்தை முடித்ததும் வேறு ஒரு குழு வந்து அங்கங்கே சில துண்டுகளைத் தேர்ந்து மறுபடி தேடும். ஒரு வெடி கிடைத்தாலும் அந்தப் பகுதி முழுக்க மறுபடி. எதுவும் கிடைக்காவிட்டால் குச்சிகளைப் பிடுங்கி, வரைபடத்தோடு ஒரு தாள் எழுதி, காணிக்காரரைக் கூப்பிட்டு நிலத்தில் நடந்து காட்டி ஒப்படைப்பார்கள். எல்லைக்கல் இருக்காது. தெரிந்த வேம்பு இருக்காது. இருபது வருடம் ஆளில்லாத காணியில் காடு வளர்ந்திருந்தால் வன இலாகா தன்னுடையது என்று கல் நட்டிருக்கும், அது தனி வழக்கு.

அந்தத் தாளில் ஒரு வரியைக் கவனித்துப் படிக்க வேண்டும்: எவ்வளவு ஆழம் வரை தேடப்பட்டது. சாதாரண நிலத்தில் அது பெரும்பாலும் பத்து முதல் இருபது சென்டிமீட்டருக்குள் இருக்கும். நடக்க அது போதும். மாடு மேய்க்கப் போதும். உழவு அந்த ஆழத்தைத் தாண்டாதவரை கடலை போட, நாட்டுக்கலப்பை ஓட்டப் போதும். முகமாலைக்கு அடுத்த பளைப் பக்கம் தென்னைக்குப் பேர்போன மண். தென்னங்கன்றுக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் குழி எடுக்க வேண்டும். மூன்றடி என்பது தொண்ணூறு சென்டிமீட்டர். தென்னை வைக்கிறோம், கிணறு இறக்குகிறோம், வீட்டுக்கு அஸ்திவாரம் எடுக்கிறோம் என்பதை ஒப்படைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் அந்த இடத்தை மட்டும் ஆழமாகப் பார்த்துத் தருவார்கள். பின்னால் நினைவு வந்தாலும் கேட்கலாம், ஆனால் குழு அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். குழு மறுபடி வந்து பார்க்கும் வரை அந்த ஆழத்துக்குக் கீழே மண்வெட்டி இறங்கக் கூடாது.  சந்தேகமாக எது தட்டுப்பட்டாலும் தொடாமல் கையை எடுத்துவிட்டு, வந்த காலடியிலேயே திரும்பி வந்து, பத்திரமான இடத்தில் கிளை ஒன்றை அடையாளமாக வைத்துவிட்டுச் சொல்லியனுப்ப வேண்டும்.